ஆங்கில இலக்கியம்: ஐம்பது ரூபாயில் தொடங்கும் கணக்கு

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர இணையத்தில் விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆக ஐம்பது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த இரண்டு ரூபாய் மட்டும்தான். அண்மை ஆண்டுகளில் இதுதான் நிலவரம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தருபவர் இதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்.

உள்ளே போன பிறகும் செலவு பெரிதாக ஏறுவதில்லை. அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று வருஷத்துக்குச் சில ஆயிரம் போகும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. மூன்று வருஷத்துக்கு 36,000. நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. கூட்டிக் கழித்தால் கல்லூரிக்கு நாம் கட்டுவதைவிட அரசு நமக்குக் கொடுப்பது அதிகம். உலகத்தில் எத்தனை இடத்தில் ஷேக்ஸ்பியரைப் படிக்கச் சொல்லிக் கையில் காசும் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

தனியார் கல்லூரியிலும் சுயநிதிப் பிரிவிலும் கதை வேறு. ஊரையும் கல்லூரியின் பெயரையும் பொறுத்து ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்தில் தொடங்கி அதைப்போல நாலைந்து மடங்குவரை போகும். கல்லூரிப் பேருந்து, விடுதி எல்லாம் தனி. அப்படியும் பொறியியலோடு ஒப்பிட்டால் மலிவுதான். நகையை அடகு வைக்காமல் படிக்க வைக்கக்கூடிய படிப்பு என்பதாலேயே பல வீடுகளில் இது தேர்வாகிறது.

ஆகவே ஆங்கிலப் பட்டம் போட்ட காசுக்கு ஈடாகுமா என்ற கேள்வியைக் கட்டணத்தில் தொடங்கினால் பதில் உடனே வந்துவிடும்: ஈடாகும், ஏனென்றால் காசு போடவே இல்லை. இந்தப் பதில்தான் நம் வீடுகளை ஏமாற்றுகிறது.

போவது பணமல்ல, வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கோ, ஊரிலேயே ஜவுளிக்கடைக்கோ போனால் மாதம் பன்னிரண்டாயிரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் கல்லூரியில் இருந்தால் அந்த 4,32,000 ரூபாய் வராமல் போகிறது. ஆங்கிலம் படித்தவர் மூன்று வருஷத்தோடு நிறுத்துவதும் இல்லை. எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு. 2015-16க்கு முன்பு பி.எட். ஒரே வருஷமாக இருந்தது, பிறகு இரண்டாக்கிவிட்டார்கள். மொத்தம் ஏழு வருஷம், அதே கணக்கில் பத்து லட்சத்துச் சில்லறை. இந்தப் பத்து லட்சத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை, அதனால் யாரும் அதைச் செலவாக நினைப்பதும் இல்லை.

இந்தப் படிப்புக்கு வருபவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித் தரவரிசை உண்டு. கணிதம், வணிகவியல் போன்றவற்றுக்கு நான்கு பாடங்களின் கூட்டு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆங்கில இலக்கியத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத் தாளில் வாங்கிய நூற்றுக்கு இத்தனை என்பது மட்டுமே கணக்கு. மொத்தத்தில் பின்தங்கிய, ஆனால் ஆங்கிலத்தில் எழுபது எண்பது வாங்கிய பிள்ளைக்கு இது ஒரு வாசல். வரலாற்று குரூப்பிலிருந்தும் தொழிற்கல்விப் பிரிவிலிருந்தும் வருபவர்கள் நிறைய. வகுப்பை எட்டிப் பார்த்தால் பெண்களே அதிகம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள் என்பது என் கண்ணளவு.

அவர்களை அனுப்பும் அம்மாவின் மனத்தில் இருக்கும் எண்ணம் எளிமையானது. இங்கிலீஷ் படித்தால் பிள்ளை இங்கிலீஷ் பேசும். இங்கிலீஷ் பேசினால் வேலை கிடைக்கும். இந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவது பெரும்பாலும் உண்மை. முதலாவதுதான் பிரச்சினை.

நான் 1996இல் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இதே பட்டத்துக்குச் சேர்ந்தவன். இரண்டாம் ஆண்டில் ஹாம்லெட். ஆசிரியர் நல்லவர், பாடத்தை நேசித்தவர். ஒரு வரியை ஆங்கிலத்தில் படிப்பார், பிறகு பத்து நிமிஷம் தமிழில் கதை சொல்வார். அப்பாவைக் கொன்ற சித்தப்பா அம்மாவையே கட்டிக்கொண்ட கொடுமையை அவர் சொல்லக் கேட்டால் தெருக்கூத்து பார்ப்பதுபோல இருக்கும். நாங்கள் அழுதிருக்கிறோம். ஆனால் தேர்வுக்கு எழுதியது அந்த அழுகையை அல்ல. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஐம்பது பைசாவுக்கு ஒரு நோட்ஸ் கிடைக்கும். அதை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அதில் இருந்த பிழைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தன. அதை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் கேள்விக்கு நாலு பக்கம் இறக்கினோம். மூன்று வருஷம் முடிந்தபோது எங்கள் வகுப்பில் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் நின்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் ஒரு கேள்வி கேட்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரும் கல்லூரிக்கு வரும்போதே அப்படித்தான் வந்தார்கள்.

இப்போது நிலைமை முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தில் மொழியியல், மொழிபெயர்ப்பு, ஊடகம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. நான் முதல்வன் திட்டத்தின் வழியாகத் திறன் வகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனாலும் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பெண்ணே மாலையில் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகும் காட்சியை எந்தத் தாலுகா ஊரிலும் இன்றைக்கும் பார்க்கலாம். அங்கே பாடம் எடுப்பவரும் பெரும்பாலும் ஒரு பி.ஏ. ஆங்கிலம்தான். பட்டம் கொடுக்காததைப் பட்டதாரி விற்கிறார், பட்டம் படிப்பவர் வாங்குகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு தனிப் பட்டப் பள்ளி தொடங்கியது 1894இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக வைத்து ஆங்கிலேயர் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதை விரிவாக ஆராய்ந்து கௌரி விஸ்வநாதன் 1989இல் ஒரு புத்தகமே எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தபோது, இங்கிலீஷ் என்றால் கச்சேரி உத்தியோகம், உத்தியோகம் என்றால் மாதச் சம்பளம் என்ற சமன்பாடு மக்கள் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆர்.கே. நாராயண் பட்டப்படிப்பு முடித்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் இளைஞனை வைத்து 1937இல் ஒரு நாவல் எழுதினார் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவரே வாத்தியார் வேலைக்குப் போய்ச் சில நாளில் விட்டுவிட்டு வந்தவர். இலக்கியம் வேறு, உத்தியோகம் வேறு என்பது அப்போதே தெரிந்திருந்தது. பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்றென்று நாம் எடுத்துக்கொண்டோம்.

சரி, படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள்? இங்கேதான் ஆய்வு செய்ய வருபவர் தலையைச் சொறிய வேண்டும். உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு 2021-22இன்படி நாட்டில் இளநிலை படிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 34.2 சதவீதம் பேர், கலைப்பிரிவில்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, நாட்டின் சராசரி 28.4. யார் எங்கே சேர்ந்தார்கள் என்று தெரிகிறது, வெளியே வந்து என்ன ஆனார்கள் என்று தெரிவதில்லை. தொழிலாளர் கணக்கெடுப்பு பட்டதாரிகளின் வேலையின்மை 2022-23இல் 13.4 சதவீதம் என்கிறது. அந்தப் பட்டதாரி வேதியியல் படித்தவரா ஆங்கிலம் படித்தவரா என்று அதில் பிரித்துக் காட்டுவதில்லை. தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் இடைநிலைச் சம்பளத்தைத் தர வேண்டும். ஆனால் ஒரு கல்லூரியின் மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒரே எண். கணினிப் பயன்பாடு படித்து ஐ.டி. கம்பெனிக்குப் போனவரும் ஆங்கிலம் படித்துப் பள்ளிக்குப் போனவரும் ஒரே பானையில் வெந்து வருகிறார்கள்.

பிரிட்டனில் இந்தக் கணக்கு இருக்கிறது. வரிப் பதிவுகளையும் கல்விப் பதிவுகளையும் இணைத்து, இன்ன பாடம் படித்தவர் இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அரசே வெளியிடுகிறது. அதை வைத்து நிதி ஆய்வுக் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, பட்டதாரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கல்லூரிக்கே போகாமல் இருந்திருந்தால் பணக்கணக்கில் மேலாக இருந்திருப்பார் என்றது. மருத்துவமும் பொருளாதாரமும் உச்சத்தில், படைப்புக் கலைப் படிப்புகள் அடியில். 2022இல் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பட்டத்தையே நிறுத்தி வைத்தது. அங்கே ஆண்டுக் கட்டணமே ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல், அதனால் அவர்களுடைய விவாதம் கடனைப் பற்றியது. அந்த விவாதத்தை அப்படியே இங்கே தூக்கி வந்து இலக்கியம் படிக்காதே, கடனாளி ஆவாய் என்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாமாக்களைப் பார்க்கிறேன். நம் பிள்ளைக்குக் கடன் இல்லை. வேறொன்று இருக்கிறது. அது வரிசை.

வரிசையைப் புரிந்துகொள்ள ஆசிரியர் வேலையைப் பார்த்தால் போதும், ஏனென்றால் ஆங்கிலம் படித்தவர்களின் கண் எல்லாம் அங்கேதான். அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400இல் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900. 2025 தொடக்கத்தில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் முதுகலை ஆசிரியரின் முதல் மாதச் சம்பளம் 57,195 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதே எம்.ஏ., பி.எட். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அதே ஊரில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளிக்குப் போனால் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம், நல்ல பள்ளியென்றால் பதினெட்டு. அதே பாடம், அதே வகுப்பு, அதே சாக்பீஸ். நாலைந்து மடங்கு வித்தியாசம்.

மற்றத் தொழில்களில் சம்பளம் என்பது ஏணி. கீழ்ப்படி, நடுப்படி, மேல்படி என்று இருக்கும். ஆங்கிலப் பட்டத்தின் சம்பளம் மாடியும் தரையும் மட்டுமே உள்ள வீடு. நடுவில் படிக்கட்டு இல்லை. மாடியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறையோ ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையோ ஒரு கயிறு விழும்.

அந்தக் கயிற்றின் வரலாறு இது. 2012இல் தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தகுதி பெற்றவர்கள் நியமனத்துக்குக் காத்திருந்தபோது, 2018இல் அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. முதுகலை ஆசிரியருக்கு 2021இல் 2,207 இடங்கள், அடுத்து 2025இல் 1,996 இடங்கள். அந்த 1,996இல் ஆங்கிலத்துக்குச் சுமார் இருநூறு. எல்லாப் பாடங்களுக்குமாக விண்ணப்பித்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். விண்ணப்பிக்க வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றப் பிரிவினருக்கு 58. ஓய்வு பெறும் வயது 60. அதாவது இரண்டு வருஷம் வேலை பார்ப்பதற்காக ஐம்பத்தெட்டு வயதிலும் ஒருவர் தேர்வு எழுதலாம். இதைச் சலுகை என்று பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அது வரிசையின் நீளத்தை அரசே ஒப்புக்கொண்ட எண்ணாகத்தான் தெரிகிறது.

கல்லூரி வாசல் இன்னும் குறுகல். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700. அதற்குப் பிஎச்.டி. அல்லது நெட், செட் தேர்ச்சி வேண்டும். 2013இல் ஓர் ஆள்சேர்ப்பு நடந்தது. 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்து, பின்பு கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவித்து, ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தேர்வு தள்ளிப்போனது. இடையில் வகுப்புகளை நடத்தியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 20,000 ஆக இருந்த அவர்கள் தொகுப்பூதியம் 25,000 ஆனது, அதுவும் வருஷத்தில் பதினொரு மாதத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன உச்சவரம்பு 50,000. பிஎச்.டி. முடிக்க முப்பது வயதாகிறது. அதன்பின் பதினைந்து வருஷம் கௌரவமாக இருந்தவர்களை எனக்கே தெரியும். மே மாதம் சம்பளம் இல்லாததால் அந்த மாதத்தில் வீட்டு விசேஷம் எதற்கும் போக மாட்டேன் என்று ஒருவர் சொன்னார். மொய் எழுதக் காசு வேண்டுமே.

தனியார் பள்ளிச் சம்பளம் ஏன் உயர்வதே இல்லை என்பதற்குப் பள்ளி நிர்வாகத்தின் கஞ்சத்தனம் மட்டும் காரணமல்ல. அந்த வேலைக்கு வரும் பெண்களில் பலருக்கு வேறு வேலைக்குப் போக வீட்டில் அனுமதி கிடையாது. காலை போய் மாலை நாலரைக்குத் திரும்பிவிடலாம், தன் குழந்தையையும் அதே பள்ளியில் கட்டணச் சலுகையில் சேர்க்கலாம், மாமியார் ஊரில் கௌரவக் குறைச்சல் இல்லை. இத்தனை நிபந்தனைக்கும் பொருந்தும் வேலை ஊரில் ஒன்றே ஒன்று இருந்தால், அதற்குக் கூலியை நிர்ணயிப்பவர் பேரம் பேச வேண்டியதில்லை. ஆங்கில ஆசிரியைகளில் கெட்டிக்காரர்கள் சம்பளத்தைச் சம்பளமாகவே பார்ப்பதில்லை. பள்ளி என்பது அவர்களுக்கு விளம்பரப் பலகை. மாலையில் வீட்டுத் திண்ணையில் எடுக்கும் டியூஷனில்தான் குடும்பம் நடக்கிறது. இந்த வருமானம் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது.

மற்ற வாசல்களில் அரசுத் தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், ஆங்கிலம் படித்தவருக்குத் தனிச் சாதகம் எதுவும் இல்லை. ஒரு வேடிக்கை மட்டும் உண்டு. குரூப் 4 தேர்வில் முன்பு பொதுத்தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலம் எடுக்கலாம். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த்தாள் கட்டாயம். மூன்று வருஷம் கீட்ஸும் ஷெல்லியும் படித்தவர்கள் இப்போது சமச்சீர்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆகுபெயர் வகைகளைப் படிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது தனியார் அலுவலக வேலை. சென்னையிலும் புதுச்சேரியிலும் ஒரு தொழில் சத்தமில்லாமல் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கும் ஆய்விதழ்ப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது, பிழை திருத்திக் கொடுப்பது. காப்பி எடிட்டிங் என்பார்கள். நான் 2001இல் அப்படி ஒரு நிறுவனத்தில் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். சீனாவிலோ துருக்கியிலோ இருக்கும் விஞ்ஞானி எழுதிய கட்டுரை திரையில் வரும். மண்புழுவின் குடலைப் பற்றி முப்பது பக்கம். எங்கே முன்னிடைச்சொல் வேண்டும், எங்கே வேண்டாம், மேற்கோள் பட்டியலில் ஆண்டு அடைப்புக்குள் வருமா வெளியே வருமா, ஆசிரியர் சொல்ல வந்தது இதுவா அதுவா என்று ஓரத்தில் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று இலக்கு. முதல் ஆறு மாதம் என் திருத்தங்களைத் திருத்துவதற்கே பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார். அவர் தாவரவியல் படித்தவர்.

மில்டனைப் படித்ததால் அங்கே எனக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வரி நீளும் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் பொறுமை மில்டனிடமிருந்துதான் வந்தது. அந்தப் பொறுமைக்குத்தான் ஐந்து வருஷத்தில் சம்பளம் மூன்று மடங்கானது. என்னோடு சேர்ந்த இன்னொரு பி.ஏ. ஆங்கிலம் நாலு மாதத்தில் விலகிவிட்டார். எங்கள் இருவரின் மதிப்பெண் பட்டியலிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இதே வகையில் கால் சென்டர், மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன், கன்டென்ட் ரைட்டிங், ஐ.டி. கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவை, ஐஇஎல்டிஎஸ் பயிற்சி மையங்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். வாய்ஸ் பிராசஸ் என்றால் நைட் ஷிஃப்ட், கேப் வரும், சம்பளம் கொஞ்சம் கூடுதல். நான்-வாய்ஸ் என்றால் பகல், குறைவு. இவற்றில் எதுவும் ஆங்கில இலக்கியப் பட்டத்தைக் கேட்பதில்லை. ஏதோ ஒரு பட்டம், ஆனால் ஆங்கிலம் வர வேண்டும். மொழிக்குத்தான் சம்பளம், பட்டத்துக்கு இல்லை என்பதை இங்கே பச்சையாகப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு டிரான்ஸ்கிரிப்ஷனும் மலிவு கன்டென்ட்டும் முதலில் அடிவாங்குகின்றன. சுமாராக ஆங்கிலம் எழுதுவதை எந்திரம் சும்மா செய்துவிடுகிறது. அது எழுதியதில் எது தவறு என்று சொல்லக்கூடியவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைச் சுமாராகப் படித்தவர் பிடிக்க முடியாது.

மொழிபெயர்ப்பை ஒரு வாசலாகப் பலர் சொல்கிறார்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்புக்கு நிதிநல்கை தந்து பதிப்பகங்களைக் கூட்டி வைத்தது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் அதே ஆண்டு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பெருமைதான். ஆனால் இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தவர்கள் எல்லாரும் பேராசிரியர், வங்கி அதிகாரி, மென்பொருள்காரர், ஓய்வு பெற்றவர்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம், யாரும் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தி இருபத்தொரு வயதில் பி.ஏ. முடித்ததும் அலுவலக வேலைக்குப் போகிறாள். மாதம் 15,000, வருஷத்துக்கு ஏழு சதவீதம் உயர்வு. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கைக்கு வந்தது சுமார் 32 லட்சம், முப்பத்துமூன்று வயதில் அவள் மாதச் சம்பளம் ஏறத்தாழ 34,000. அவள் தோழி எம்.ஏ., பி.எட். என்று நாலு வருஷம் படித்துவிட்டு எட்டு வருஷம் தனியார் பள்ளியில் 12,000க்கு இருக்கிறாள். அவள் கைக்கு வந்தது பதினொன்றரை லட்சம். முப்பத்துமூன்று வயதில் அரசுப் பள்ளி கிடைக்கிறது, 57,000. மாதம் 23,000 கூடுதல். பின்தங்கிய இருபது லட்சத்தைப் பிடிக்க அவளுக்கு ஏழு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும். நாற்பது வயதில் இருவரும் சமம், அதன்பிறகு தோழி முன்னே போகிறாள்.

கிடைத்தால். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் அந்த இருபது லட்சம் எப்போதும் திரும்புவதில்லை. கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பது மேலே சொன்ன விண்ணப்பங்களின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை வீட்டில் இதைப் பேசும்போது கிடைத்தவரின் பெயர் மட்டும்தான் வருகிறது. எதிர்வீட்டு டீச்சர் கார் வாங்கியது தெரியும். அவரோடு படித்த மற்ற முப்பது பேர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இலக்கியத்தைப் பணத்தால் அளக்கலாமா என்று கோபிப்பவர்களும் இருக்கிறார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்படிக் கேட்பவர்களில் பலர் மாடியில் நின்று கேட்பவர்கள். அடியில் நிற்பவருக்கு வருஷம் என்பது பெரிய செலவு, அதைச் சொல்லாமல் மறைப்பது இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல. என் முடிவு இவ்வளவுதான்: பி.ஏ. ஆங்கிலம் மோசமான படிப்பல்ல, மூன்று வருஷத்துக்குள் வாயும் கையும் ஆங்கிலத்துக்குப் பழகுமானால் அதன் விலைக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. பழகவில்லையென்றால் அதற்குமேல் எம்.ஏ.வும் பி.எட்.டும் சேர்ப்பது, வரிசையில் நிற்பதற்கு நாற்காலி வாங்குவது போன்றது.

போன ஜூனில் என் அக்கா போன் செய்தாள். மகளுக்கு ஆங்கிலத்தில் 81, மொத்தத்தில் சுமார். ஊர் அரசுக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டாள். நான் மேலே எழுதியதை எல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். அக்கா எதிர்ப்பேச்சு பேசாமல் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

“மாமா, நான் செகண்ட் ஷிஃப்ட்ல சேர்ந்துட்டேன்” என்றாள் அவள்.

ஏன் என்று கேட்டேன். ஒன்றரை மணிக்குத்தான் வகுப்பு. காலையில் எட்டரையிலிருந்து ஒரு மணிவரை கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை, மாதம் ஐயாயிரம். புதுமைப் பெண் ஆயிரம். மூன்று வருஷத்துக்கு 2,16,000 ஆகிறது என்று அவளே சொன்னாள். நான் 4,32,000 என்று சொல்லிக்கொண்டிருந்த செலவில் பாதியை அவள் என்னைக் கேட்பதற்கு முன்பே வசூல் செய்துவிட்டாள்.

“கடையில என்ன ஜெராக்ஸ் அதிகம் போகுது?”

“எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் நோட்ஸ்தான் மாமா. பக்கம் ஒரு ரூபா. நிறைய தப்பா இருக்கு, எனக்கே தெரியுது.”

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நான் அவளோடு இங்கிலீஷிலேயே பேச வேண்டும், அவள் எவ்வளவு தப்பாகப் பேசினாலும் நடுவில் சிரிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று நேரம் குறித்துக்கொண்டோம். மூன்று வாரம் ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் சிரித்தது நான் அல்ல, அவள்.